சுத்தம் என்று சொன்ன வண்டி

புதுக் கார் வாங்குகிறவனுக்குக் காசு இருந்தால் போதும். பழைய சொகுசுக் கார் வாங்குகிறவனுக்குக் காசும் வேண்டும், பக்கத்தில் விவரமான ஆள் ஒருத்தரும் வேண்டும். ஆனை இளைத்தால் மட்டும் தீனி குறைந்துவிடுமா? வாங்கின விலை பாதியாக இருக்கலாம், பழுது வந்தால் செலவு முழுசாகத்தான் வரும். ஊரில் அந்த விவரமான ஆள் யார் என்று கேட்டால் பஞ்சர் ஒட்டுகிறவர் முதல் பல் டாக்டர் வரை ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: மூக்கு மெக்கானிக்.

பெயரைக் கேட்டுப் பெரிய மூக்கை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். எல்லார் முகத்திலும் இருக்கிற மூக்குதான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரை எத்தனை தடவை கழுவிக் காயவைத்து, எத்தனை புட்டி வாசனை அடித்து நிறுத்தினாலும், அவர் கதவைத் திறந்து குனிந்து, கார்பெட் ஓரமாக மூன்று தடவை மூச்சை இழுப்பார். "குளிச்ச வண்டி" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. விற்கிறவன் குதிப்பான், சத்தியம் பண்ணுவான். பிரித்துப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் வண்டல் இருக்கும்.

மூக்கு ஒன்றை வைத்தே பிழைத்தார் என்றும் நினைத்துவிடாதீர்கள். மனிதர் பதினைந்து வருஷம் பட்டறையில் பெயின்ட் அடித்தவர், அதற்கப்புறம் இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவர். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய், வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களா? அப்ப நாளைக்கு வரேன்" என்று திரும்பிவிடுவார். ஆறிக் கிடந்த எஞ்சின் முதலில் போடுகிற சத்தத்தில்தான் அதன் வயசு தெரியும், சூடேறிவிட்டால் எல்லாக் கிழமும் குமரிதான் என்பது அவர் கட்சி. பெயின்ட் கனத்தை அளக்கிற கருவியைக் கதவு கதவாக வைத்து எது அடிபட்டு எழுந்தது என்று பார்ப்பார். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருக்கிற அளவுக்கும் மீட்டர் சொல்கிற கிலோமீட்டருக்கும் பொருத்தம் பார்ப்பார். வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிற பிழைகளை நேற்றுத்தான் யாராவது அழித்தார்களா என்று துருவுவார். சாவி இரண்டும் கைக்கு வந்தாக வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் மூக்கு. ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்ததென்னவோ அதைத்தான்.

நாலு மாசத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுத்தார், ஆறாம் நாள் எழுந்தார். வாசனை மட்டும் திரும்பவில்லை. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்க, இரண்டு எட்டுத் தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறி வந்த மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க, வீடே எரிஞ்சாலும் பேப்பரை முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பீங்களா?"

"என்ன, ஏதாவது கருகுதா?" என்று அவர் நிஜமாகவே கேட்டார்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். திரும்பி வரும் வழியில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"வெளிய சொல்லிடுங்களேன். கண்ணு இருக்கு, காது இருக்கு, கையில மெஷின் இருக்கு. இதுல என்ன வெட்கம்?"

"நீ சும்மா இரு. மூக்கு மெக்கானிக்குக்கு மூக்கு வேலை செய்யலைன்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

சொல்லவில்லை. ஆனால் மோசமும் பண்ணவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாலு மாசமும் முன்பைவிட இரண்டு மடங்கு உழைத்தார். வீட்டு வாசலில் தனியாக நிற்கிற வண்டிகளாகப் பார்த்து ஒப்புக்கொண்டார். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டார். வண்டிக்காரர்களுக்கு அது புது முறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு வண்டிகூடத் தப்பவில்லை. கூட்டம் கூடுகிற இடங்களுக்கு மட்டும் போவதை நிறுத்திக்கொண்டார். முக்கியமாகப் பாலிஷின் யார்டுக்கு.

பாலிஷ் என்பவர் அவரோடு ஒரே பட்டறையில் பெயின்ட் அடித்தவர். இப்போது பெரிய தகரக் கூரை போட்டு, பழைய சொகுசுக் கார்களை ஏலத்தில் எடுத்து, துடைத்து மினுக்கி விற்கிறவர். நாணயமான ஆள். 'விற்ற வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்று ஏழு நாளுக்குள் தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்' என்று அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருந்தார். அப்படித் துணிந்து எழுதினதே மெக்கானிக்கின் மூக்கை நம்பித்தான்.

அந்த யார்டில்தான் தங்கையின் கணவர் ஒரு வண்டியைப் பிடித்து வைத்திருந்தார்.

தங்கை அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவள், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் அவர்தான். அந்த மாப்பிள்ளையையும் வண்டி பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி உண்டு: சத்தம் கிடையாது, புகை கிடையாது, ஒரே ஓனர். உண்மைதான். மாப்பிள்ளை இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டினார். கம்பெனியை இழுத்து மூடியபோது கிடைத்த மொத்தப் பணத்தையும் போட்டு, ஹோட்டல் விருந்தாளிகளை ஏற்றி இறக்க ஒரு சொகுசுக் கார் வாங்குவது அவர் திட்டம். தங்கைக்குப் பயம். மிச்ச காலத்துக்கு இருப்பது இந்தப் பணம் ஒன்றுதான். கடைசியில் அவள் ஒரே நிபந்தனை போட்டாள்.

"அண்ணா வந்து பார்த்து சரின்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

எப்படித் தட்டிக்கழிப்பது? தங்கையோடும் மாப்பிள்ளையோடும் போனார்.

"வாய்யா வா!" என்று பாலிஷ் தூரத்திலிருந்தே கத்தினார். "நாலு மாசமா ஆளையே காணோம். மூக்குல சதை வளர்ந்துடுச்சா?"

"வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நேராகப் போய்ப் பானெட்டில் கை வைத்தார். ஆறித்தான் இருந்தது. கறுப்பு வண்டி, ஏழு வருஷம் ஓடியது, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. எஞ்சின் சொன்னபடி கேட்டது. பெயின்ட் ஒரே கனம். பிரேக் மிதியும் மீட்டரும் ஒத்துப்போயின. கம்ப்யூட்டரில் குற்றம் குறை எதுவும் இல்லை. சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்த கை நின்றது. பெல்ட் புத்தம் புதுசாக இருந்தது. மறுபக்கம் போய் இழுத்தார், பின்னால் இருந்ததையும் இழுத்தார், எல்லாமே புதுசு.

"பெல்ட் எல்லாம் புதுசா இருக்கே?"

"ஏலத்துல அப்படியேதான் வந்துச்சு. எனக்கும் அது ஒண்ணுதான்யா உறுத்தல். அஞ்சு நாளைக்குள்ள சொன்னா ஏலத்துக்காரன் திருப்பி எடுத்துக்குவான். நீ மோந்து சொல்லிடு, குளிச்சிருந்தா நாளைக்கே அவன் தலையில கட்டிடறேன்."

ஏழு வருஷ வண்டியில் நாலு பெல்ட்டும் புதுசு என்றால் சேற்றுக்கோட்டை மறைக்க மாற்றியது என்று அவருக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கே தெரியும். அந்த நிமிஷமே சீட்டைக் கழற்று, கார்பெட்டைத் தூக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த யார்டில் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கார்பெட்டைத் தூக்கச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வண்டி கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டு வந்து நின்றார்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். வாங்க வந்த இரண்டு பேர் படம் பிடிக்கச் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் தங்கை, "எங்க அண்ணன்தாங்க" என்று சொல்வது அவர் காதில் விழுந்தது.

அவர் கதவைத் திறந்து குனிந்தார். கண்ணை மூடி மூன்று தடவை மூச்சை இழுத்தார். காற்று வந்தது, போனது, அதில் ஒன்றும் இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சுத்தம்" என்றார்.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மாப்பிள்ளை அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மச்சான், நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கு வேற என்ன வேணும்?" என்றபோது அந்தச் சாதுவான மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. மெக்கானிக்குக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போல இருந்தது.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வியே, "கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யார்டுலயா? எல்லார் முன்னாடியுமா?"

"பார்த்தேன்னு சொல்றேன்ல! சும்மா தோண்டித் தோண்டிக் கேக்காத!"

அவள் முப்பது வருஷமாக அந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவள். எந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. அந்த மூன்று நாளும் செல்போன் அடித்தபோதெல்லாம் அவர் யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். நாலாம் நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலில் குறை இல்லை, சிரிப்புதான்.

"மச்சான், நம்ம வண்டி என்னைவிட கெட்டிக்காரன். பட்டனே தொடலை, கண்ணாடி தானா இறங்குது!"

"ஃபியூஸ் ஏதாவது லூஸா இருக்கும் மாப்ளே. ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி தானாக இறங்கினால் என்னவென்று அவர் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார்! இந்த மாதிரி வண்டிகளில் கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற மூளைப் பெட்டிகள் சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்குக் கீழே இருக்கின்றன. தண்ணீர் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். காயவைத்தாலும் உள்ளே பச்சை பூத்து, அரித்து, ஒவ்வொன்றாகப் புத்தி பேதலிக்கும். இன்றைக்குக் கண்ணாடி, நாளைக்கு வேறொன்று, ஒரு நாள் நடுரோட்டில் எஞ்சினே நின்றுவிடும். திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, வலித்தது, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் நல்ல மழை. ஆறாம் நாள் காலையில் மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சீட் தானாக முன்னால் நகர்ந்து, ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு நெருக்கியிருக்கிறது. பின்னால் தங்கை இருந்தாளாம்.

"வண்டியை எடுத்துட்டு வாங்க. ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றார் மெக்கானிக்.

தெரிந்தவர் ஒருவரின் ஷெட்டைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக வேலை பார்த்தார். சீட்டின் நாலு போல்ட்டும் துருவேறி இறுகியிருந்தன. ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்த கார்பெட்டைக் கிழித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. கீழே விரல் கனத்துக்கு வண்டல், காய்ந்து பாளம் பாளமாக. அடிப் பஞ்சில் இன்னும் ஈரம். பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒயர் முனைகள் பச்சைப் பசேல் என்று இருந்தன. ஷெட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, என்னய்யா இந்த நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். மெக்கானிக் அந்தப் பஞ்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். சொல்லிவிடத்தான் போனார். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தங்கை எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அது குளிச்ச வண்டி. என் கவனத்துல தப்பிடுச்சு" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் போகவில்லை.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. தங்கைதான் முதலில் பேசினாள். "சரி விடுண்ணா. நீயும் மனுஷன்தானே? இத்தனை வருஷத்துல ஒரு தப்பு நடக்கக் கூடாதா? நாளைக்கு ஏழாம் நாள்தான். போய்த் திருப்பிக் கொடுத்துடலாம்." அவர் தோளைத் தொட்டு, "இதுக்கெல்லாம் மனசை விடாத" என்று வேறு சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். தண்ணீரைக் குடித்தார். எழுந்து வந்துவிட்டார். என்ன மனிதர் பாருங்கள். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் யார்டுக்குப் போனார்கள். ராத்திரி முழுக்கக் கதவு சாத்தி நின்ற வண்டி. பாலிஷ் கதவைத் திறந்தார், திறந்த வேகத்தில் பின்னால் நகர்ந்தார். பெயின்ட் அடிக்கிறவர்கள் முகமூடியை ஏற்றிக்கொண்டார்கள். தங்கை கைக்குட்டையால் வாயை மூடினாள். ஊறின சாக்கும் செத்த எலியும் கலந்த நாற்றம் என்று யாரோ சொன்னார்கள். கதவுக்கு மிக அருகில் நின்றவர் மெக்கானிக்தான். அவர் ஒருவர்தான் நகரவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"இங்க பாருங்க சார்" என்று பாலிஷ் மாப்பிள்ளையைப் பார்த்து மெதுவாகவே பேசினார். "நான் சொன்ன சொல் தவற மாட்டேன். ஆனா இது என்கிட்ட இருந்தப்ப நனைஞ்சதா, உங்ககிட்ட வந்தப்புறம் நனைஞ்சதா? முந்தாநாள் என்ன மழை! கண்ணாடி தானா இறங்குச்சுன்னு நீங்களே சொல்றீங்க."

"அடியில காஞ்ச வண்டல் இருக்குங்க. ஒரு மழையில வருமா அது?" என்றார் மாப்பிள்ளை.

"எங்கே எந்தத் தேங்கின தண்ணியில விட்டீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இதோ நிக்கிறானே, இவன் இதே இடத்துல, பத்து பேர் பார்க்க, மோந்து பார்த்து சுத்தம்னு சொன்னான். இவன் மூக்கு தப்பி நான் பார்த்ததே இல்லை. அதை நம்பித்தான் நான் ஏலத்துக்காரனுக்குச் சரின்னு சொன்னேன். அந்த அஞ்சு நாளும் போயாச்சு. அன்னைக்கு இதுல தண்ணி இருந்திருந்தா இவன் சொல்லாம இருப்பானா? சொந்தத் தங்கச்சிக்கு?"

உள்ளதும் போகப்போகிறது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமும் முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றவர், இப்போதும் அதே மாதிரி ஒதுங்கி நின்றார். அவரைப் பார்க்க மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியாது" என்றார்.

"என்ன?"

"நாலு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியலை. காய்ச்சல்ல போயிடுச்சு. அன்னைக்கு நான் மோந்தது சும்மா."

பாலிஷ் சிரித்தார். "தங்கச்சிக்காகப் பொய் சொல்றியா? சொல்லு, சொல்லு."

மெக்கானிக் வண்டிக்குள் குனிந்து, கிழிந்த கார்பெட்டுக்கு அடியிலிருந்து ஈரப் பஞ்சைப் பிய்த்தார். மொத்தப் பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்க, அதை மூக்கில் அழுத்திப் பிடித்து மூச்சை இழுத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழுவுகிறவர்களில் ஒருவர் அந்தப் பக்கம் போய் வாந்தியே எடுத்துவிட்டார்.

பாலிஷின் சிரிப்பு நின்றது. ஏலத்துக்காரனுக்குச் சரி சொன்ன நாளை நினைத்திருப்பார். "சாவியை வெச்சுட்டுப் போங்க சார். உங்க பணம் வந்துடும்" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். மெக்கானிக் பக்கம் திரும்பவே இல்லை. "முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். ஒரு வார்த்தை என் காதோட சொல்லியிருந்தா நானே கார்பெட்டைத் தூக்கியிருப்பேன்டா" என்று காரைப் பார்த்தே சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் தலையில் விழுந்த நஷ்டம் சின்னதில்லை.

கேட்டுக்கு வெளியே வாடகைக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை போய்க் கதவைத் திறந்தார். தங்கை ஏறாமல் நின்றாள்.

"பெல்ட் புதுசா இருக்குன்னு நீ கேட்டியே. அப்பவே உனக்குச் சந்தேகம்தானே?"

"ஆமா."

"அப்பவும் குனிஞ்சு மோந்தே."

"ஆமா."

"எல்லாரும் பாக்கறாங்கன்னுதானே?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குரலை உயர்த்தாமலேதான் பேசினாள்.

"அதைக்கூட விடுண்ணா. நேத்து நீயும் மனுஷன்தானேன்னு உன்னைத் தேத்தினேன். தோளைத் தொட்டுச் சொன்னேன். அதையும் வாங்கிக்கிட்டுப் பேசாம எழுந்து போனியே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். முன் சீட்டில் ஏறின மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "வாங்க மச்சான், வழியில இறக்கிவிடறோம்" என்றார். பின் சீட்டில் தங்கை கதவோரமாக, அவர் நின்ற பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே தள்ளி உட்கார்ந்தால்தான் அவர் ஏற முடியும்.

அவள் தள்ளி உட்காரவில்லை. "நீங்க போங்க மாப்ளே, எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் அவர். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.